புலி வாலைப் பிடித்த "சத்யம்"

2009-ம் ஆண்டு ஜனவரி 7-ந் தேதி, புதன்கிழமை. பொங்கலுக்கு இன்னும் ஒரே வாரம். ஹைதராபாத்திலும் செகந்திராபாத்திலும் இருக்கும் "சத்யம் கம்ப்யூட்டர்ஸ்" ஆபீஸ்களுக்கு ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வழக்கம் போலக் காலையில் வேலைக்குப் போனார்கள். மாரேட்பள்ளி, பத்மராவ் நகர், மல்காஜ்கிரி, தார்நாகா பகுதிகளில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள்.

சுமார் 11 மணிக்குக் கம்பெனியின் சேர்மன் ராமலிங்க ராஜு டைரக்டர்களுக்கு எழுதிய ராஜினாமாக் கடிதம் வெளியாயிற்று. அந்தக் கடிதம் வெறும் ராஜினாமா அல்ல, ஒப்புதல் வாக்குமூலம். கம்பெனியின் கணக்கில் ரொக்கமாகவும் பாங்கு இருப்பாகவும் 5,361 கோடி ரூபாய் காட்டப்பட்டிருந்தது. அதில் 5,040 கோடி ரூபாய் கிடையவே கிடையாது என்று அவர் அதில் எழுதியிருந்தார். அதாவது, நூறு ரூபாய் இருக்கிறது என்று காட்டிய இடத்தில் உண்மையில் இருந்தது ஆறு ரூபாய்தான்!

சிறியதாக ஆரம்பித்த ஓட்டை ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகிவிட்டது என்றும், புலி மீது ஏறியவன் இறங்க வழி தெரியாமல் ஓடியது போலத் தன் நிலை ஆகிவிட்டது என்றும் ராஜு அதில் சொல்லியிருந்தார். புலி வாலைப் பிடித்த கதை என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான்.

முதல் நாள் மாலை 179 ரூபாய்க்கு விற்ற சத்யம் ஷேர், அன்று மாலை 40 ரூபாய்க்கு வந்துவிட்டது. மறுநாள் மொகரம், ஷேர் மார்க்கெட்டுக்கு விடுமுறை. விற்கவும் வழியில்லாமல், வைத்திருக்கவும் மனமில்லாமல் சிறு முதலீட்டாளர்கள் தவித்தார்கள். கம்பெனி சொன்ன கணக்குப்படி அதன் ஊழியர்கள் சுமார் 53,000 பேர். அடுத்த மாதச் சம்பளம் வருமா, வராதா? இதுதான் அன்று இரவு வீடு வீடாக எழுந்த கேள்வி.

இருபது பேரில் தொடங்கியது

சத்யம் 1987-ல் ஹைதராபாத்தில் தொடங்கப்பட்டது. அப்போது ஊழியர்கள் ஏறக்குறைய இருபது பேர்தான். 1991-ல் அமெரிக்காவின் பெரிய டிராக்டர் கம்பெனியான ஜான் டீர் இவர்களுக்கு வேலை கொடுத்தது. கடல் கடந்து வந்த அந்த முதல் பெரிய வாடிக்கையாளருக்குப் பிறகு வளர்ச்சி வேகமாயிற்று. 2001-ல் நியூயார்க் பங்குச் சந்தையிலும் சத்யத்தின் பெயர் ஏறியது. 2000-ம் ஆண்டில் உலகக் கம்ப்யூட்டர்களைப் பயமுறுத்திய தேதிக் கோளாறைச் சரி செய்யும் வேலை இந்தியக் கம்பெனிகளுக்கு மழையாகப் பொழிந்தபோது, சத்யமும் அதில் நனைந்தது. நாட்டின் சாப்ட்வேர் கம்பெனிகளில் டி.சி.எஸ்., இன்போசிஸ், விப்ரோ ஆகிய மூன்றுக்கு அடுத்த இடம் சத்யத்துக்கு என்று ஆயிற்று.

தலைவருக்கும் நல்ல பெயர். ஆபத்தில் 108-ஐக் கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறதே, அந்த ஏற்பாட்டை நடத்த இ.எம்.ஆர்.ஐ. என்ற அமைப்பைத் தொடங்கியவர் ராஜுதான். 2005-ம் ஆண்டு ஆகஸ்ட் 15-ந் தேதி ஹைதராபாத்தில் ஆரம்பமான அந்த சேவை, 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கும் வந்தது. எத்தனையோ உயிர்களை அது காப்பாற்றியது. பிற்காலத்தில் நடந்ததைச் சொல்லும்போது இதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஊழியர்களை "ஊழியர்" என்று சத்யம் அழைக்கவில்லை. "அசோசியேட்", அதாவது கூட்டாளி என்றே அழைத்தது. கம்பெனியைச் சிறு சிறு பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவரை வைத்து, அந்தப் பிரிவின் வியாபாரம் முழுவதையும் அவரே சொந்தக் கடை போலப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு முறையை வகுத்திருந்தார்கள். தலைமைப் பயிற்சிக்கென்றே தனிப் பள்ளி நடந்தது. ஊழியர் பயிற்சிக்காக அமெரிக்கப் பயிற்சிச் சங்கம் வழங்கும் பரிசில் 2007-ல் முதலிடம் பெற்ற கம்பெனி சத்யம். 2008 செப்டம்பரில், கம்பெனி நிர்வாகத்தை நேர்மையாக நடத்துவதற்கான "தங்க மயில்" விருதும் லண்டனில் கிடைத்தது. வாக்குமூலம் வெளிவருவதற்கு நான்கே மாதங்களுக்கு முன்பு! பின்னர் அந்த விருது திரும்பப் பெறப்பட்டது.

தலைமை என்பதைப் பாடமாக வைத்துச் சொல்லிக் கொடுத்த இடத்தில், தலைவரின் கணக்கைப் பார்த்துக் கேள்வி கேட்க ஆள் இல்லாமல் போனது எப்படி? சத்யம் கதையில் சிந்திக்க வேண்டிய இடம் இதுதான்.

திருப்பிப் போட்ட பெயர்

வாக்குமூலத்துக்கு மூன்று வாரம் முன்னதாகவே புகை கிளம்பிவிட்டது. 2008 டிசம்பர் 16-ந் தேதி சத்யம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. "மேடாஸ் பிராபர்ட்டீஸ்", "மேடாஸ் இன்ப்ரா" என்ற இரண்டு கம்பெனிகளை 160 கோடி டாலர் கொடுத்து வாங்கப் போவதாகச் சொன்னது. முதலாவது நிலம், வீடு வியாபாரம்; இரண்டாவது கட்டுமானத் தொழில். கம்ப்யூட்டர் கம்பெனிக்கு நிலத்தோடு என்ன வேலை என்று பலரும் கேட்டார்கள். அந்த இரண்டையும் நடத்தி வந்தவர்கள் ராஜுவின் மகன்கள். "சத்யம்" என்பதை ஆங்கிலத்தில் எழுதிக் கடைசி எழுத்திலிருந்து திருப்பிப் படித்தால் "மேடாஸ்" என்று வரும்.

பங்குதாரர்கள் கொதித்தெழுந்தார்கள். கம்பெனியில் ராஜு குடும்பத்துக்கு இருந்த பங்கு அப்போது பத்து சதவீதத்துக்கும் குறைவு. மற்றவர்கள் பணத்தை எடுத்து மகன்களுக்குக் கொடுப்பதா என்ற கேள்வி எழுந்தது. நியூயார்க்கில் சத்யம் பத்திரங்களின் விலை பாதிக்கு மேல் விழுந்தது. சில மணி நேரத்திலேயே திட்டம் கைவிடப்பட்டது.

அந்தத் திட்டத்தின் உள்நோக்கம் ஜனவரி 7-ந் தேதிக் கடிதத்தில்தான் தெரிந்தது. இல்லாத சொத்தின் இடத்தில் இருக்கும் சொத்தை வைத்து நிரப்பிவிட அது கடைசி முயற்சி என்று ராஜுவே எழுதியிருந்தார். வாங்கியதாகச் சொல்லி, பணத்தைக் கொடுத்ததாகவும் எழுதிவிட்டால், இல்லாத பணம் கணக்கிலிருந்து ஓசைப்படாமல் மறைந்திருக்கும்!

முழுப் பூசணிக்காய்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? பல ஆண்டுகள் மறைத்தார்கள் என்று சி.பி.ஐ. விசாரணையில் வெளிப்பட்டது. வேலை செய்யாமலே செய்ததாக ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பொய்ப் பில்கள் தயாரிக்கப்பட்டன. கம்ப்யூட்டரில் அந்தப் பில்களை மற்ற ஊழியர்கள் கண்ணில் படாமல் ஒளித்து வைக்கத் தனிக் குறியீடு இருந்தது. பணம் வந்ததாகக் காட்டப் பாங்கு ஸ்டேட்மெண்டுகளும் பிக்சட் டெபாசிட் ரசீதுகளும் போலியாக உருவாயின.

2008 செப்டம்பருடன் முடிந்த மூன்று மாதக் கணக்கை மட்டும் பார்ப்போம். வரவு 2,700 கோடி என்று காட்டினார்கள். உண்மையில் 2,112 கோடி. லாபம் 649 கோடி என்று காட்டினார்கள். உண்மையில் 61 கோடி. நூற்றுக்கு 24 ரூபாய் லாபம் என்று உலகம் நம்பியது. கிடைத்தது மூன்று ரூபாய்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2,112 கோடி ரூபாய் வரவு பொய்யல்ல. இரவு பகலாகக் கண் விழித்து ஊழியர்கள் சம்பாதித்துக் கொடுத்த பணம் அது. கணக்கில்தான் கோளாறே தவிர, அவர்கள் செய்த வேலையில் அல்ல.

இதையெல்லாம் கண்டுபிடிக்க ஆடிட்டர் இல்லையா? இருந்தார்கள். 2000-ம் ஆண்டிலிருந்து சத்யத்தின் கணக்கைத் தணிக்கை செய்தது உலகப் பெயர் பெற்ற பிரைஸ் வாட்டர்ஹவுஸ். பாங்கில் இவ்வளவு பணம் இருக்கிறதா என்று ஆடிட்டர் நேரே பாங்குக்கு எழுதி, நேரே பதில் வாங்க வேண்டும் என்பது விதி. அந்த விதியைச் சரியாகக் கடைப்பிடிக்கவில்லை என்று அமெரிக்கப் பங்குச் சந்தைக் கமிஷன் 2011-ல் கண்டு, அந்த ஆடிட்டர் கம்பெனியின் இந்தியக் கிளைகளுக்கு அபராதம் விதித்தது.

ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தாவை எண்ணிப் பாருங்கள். வேலையில் உட்காரும் முன்பே, தன் சட்டைப் பையில் சொந்தப் பணம் எவ்வளவு இருக்கிறது என்று புத்தகத்தில் எழுதிவிட வேண்டும். ஷிப்டு முடிந்ததும் விற்ற டிக்கெட்டையும் கையிலுள்ள ரொக்கத்தையும் ஒத்துப் பார்க்க வேண்டும். பத்து ரூபாய் குறைந்தால் அவர்தான் கட்ட வேண்டும். பத்து ரூபாய் கூடினாலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். எந்த நேரத்திலும் இன்ஸ்பெக்டர் வந்து பெட்டியைத் திறக்கச் சொல்லலாம். அவர் "பணம் இருக்கிறதா?" என்று கேட்டு, "இருக்கிறது" என்ற பதிலோடு திரும்பிப் போவதில்லை, எண்ணிப் பார்க்கிறார். குமாஸ்தா மீது சந்தேகம் என்பதால் அல்ல, அதுதான் முறை என்பதால். பத்து ரூபாய்க்கு இருக்கும் இந்த முறை, 5,000 கோடிக்கு இல்லாமல் போனதுதான் வேடிக்கை, வேதனையும்கூட.

பெரிய மனிதர்கள் நிறைந்த சபை

சத்யத்தின் டைரக்டர் சபையில் சாதாரண மனிதர்கள் இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் கிருஷ்ண பலேபு, பென்டியம் சில்லு உருவாக்கத்தில் புகழ் பெற்ற வினோத் தாம், ஹைதராபாத் இந்தியன் ஸ்கூல் ஆப் பிசினஸின் டீன் ராம்மோகன் ராவ், மத்திய அரசின் காபினெட் செக்ரட்டரியாக இருந்த டி.ஆர்.பிரசாத் எனப் பெரிய பெயர்கள். மேடாஸ் திட்டம் வந்த கூட்டத்தில் இவர்கள் சில கேள்விகளை எழுப்பினார்கள். ஆனாலும் முடிவில் தீர்மானம் நிறைவேறியது. அதைத் தடுத்தது சபை அல்ல. வெளியே இருந்த பங்குதாரர்கள்.

டிசம்பர் மாதம் முடிவதற்குள் சுயேச்சை டைரக்டர்கள் நால்வர் ஒருவர் பின் ஒருவராக விலகினார்கள். முதலில் விலகியவர் மங்களம் சீனிவாசன்.

இதற்கிடையில், டிசம்பர் மத்தியில், கம்பெனிக்குள் இருந்து ஒருவர் புனைபெயரில் சுயேச்சை டைரக்டர் ஒருவருக்குக் கடிதம் அனுப்பினார். கணக்கில் சொல்லும் பணம் பாங்கில் இல்லை என்பதே அதன் சாரம். அதை எழுதியவர் தம் பெயரைப் போடத் துணியவில்லை. அவரைக் குறை சொல்வதற்கில்லை. பெயரைப் போட்டு எழுதினால் வேலை என்ன ஆகும் என்ற பயம் அவருக்கு இருந்திருக்கும். ஊழியரைக் கூட்டாளி என்று அழைத்தால் மட்டும் போதாது. "ஐயா, இது தப்பாக இருக்கிறதே" என்று தம் பெயரிலேயே சொல்ல அவருக்கு இடம் இருக்க வேண்டும். அந்த இடம் இல்லாவிட்டால் ஆயிரம் பயிற்சிப் பள்ளிகள் நடத்தியும் பயனில்லை.

அமெரிக்காவில் 2001-ல் என்ரான் என்ற மின்சார வியாபாரக் கம்பெனி இதே போலக் கணக்கில் ஜாலம் காட்டிக் கவிழ்ந்தது. அதன் கணக்கைப் பார்த்த ஆர்தர் ஆண்டர்சனும் அதோடு மூழ்கிற்று. ஆகவே இது ஓர் ஊருக்கோ ஓர் இனத்துக்கோ உரிய குற்றம் அல்ல. தலைவர் மேல் வைத்த பக்தி, கணக்கைச் சரிபார்க்கும் வேலையைத் தள்ளி வைத்துவிடும் எந்த இடத்திலும் இது நடக்கும்.

மாட்டுப் பொங்கலன்று வந்தவர்

ஜனவரி 9-ந் தேதி இரவு ராமலிங்க ராஜுவும் அவர் தம்பி ராம ராஜுவும் கைதானார்கள். பழைய டைரக்டர் சபையை மத்திய அரசு கலைத்தது. 11-ந் தேதி மூன்று பேரை நியமித்தது: நாஸ்காம் சங்கத்தின் முன்னாள் தலைவர் கிரண் கார்னிக், எச்.டி.எப்.சி. தலைவர் தீபக் பாரேக், பங்குச் சந்தை மேல்முறையீட்டு மன்றத்தின் முன்னாள் தலைவர் சி.அச்சுதன். 15-ந் தேதி, மாட்டுப் பொங்கலன்று, மேலும் மூவர் சேர்க்கப்பட்டார்கள். தருண் தாஸ் ஒருவர். ஆயுள் இன்சூரன்ஸ் கார்ப்பொரேஷனின் மைனாக் ஒருவர். மூன்றாமவர் சென்னையைச் சேர்ந்த ஆடிட்டர் டி.என்.மனோகரன். இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் தலைவராக இருந்தவர் அவர். கணக்கால் கெட்ட கம்பெனியைச் சீர்செய்யக் கணக்கறிந்த தமிழர் ஒருவரை அழைத்தது பொருத்தம்தானே!

இந்த அறுவர் முன்னே நின்ற முதல் பிரச்னை சம்பளம். வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கிகள் வசூலிக்கப்பட்டன. ஜனவரிச் சம்பளம் தவறவில்லை. பிப்ரவரி முதல் வாரத்தில் பாங்குகளிடமிருந்து 600 கோடி ரூபாய் கடனுக்கு ஏற்பாடு ஆயிற்று. கம்பெனியில் பதினைந்து ஆண்டுக் காலம் வேலை பார்த்து, எல்லோருக்கும் தெரிந்தவராக இருந்த ஏ.எஸ்.மூர்த்தி தலைமை நிர்வாகி ஆனார். வெளியிலிருந்து யாரையோ கொண்டுவந்து உட்கார வைக்காமல் உள்ளேயே ஒருவரைத் தேர்ந்தெடுத்தது ஊழியர்களுக்குத் தெம்பு தந்தது.

சில வாடிக்கையாளர்கள் விலகினார்கள், பெரும்பாலோர் நின்றார்கள். ஏன் நின்றார்கள்? அவர்கள் பாங்குகளின் கணக்குகளும், தொழிற்சாலைகளின் சரக்குப் பட்டியல்களும் இந்த இளைஞர்கள் கையில் ஓடிக்கொண்டிருந்தன. தலைவர் சிறையில் இருந்தபோதும், ஷேர் குப்பை விலைக்கு வந்தபோதும், அந்த வேலை ஒரு நாளும் நிற்கவில்லை. சத்யத்தைக் காப்பாற்றியவர்கள் யார் என்று கேட்டால், ஆறு டைரக்டர்களோடு இந்த ஆயிரக்கணக்கானவர்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

58 ரூபாய்

அடுத்து, கம்பெனியை ஏலம் விட வேண்டும். ஏலத்தில் சந்தேகம் எழக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டின் முன்னாள் தலைமை நீதிபதி பரூச்சாவை மேற்பார்வைக்கு வைத்தார்கள். 2009 ஏப்ரல் 13-ந் தேதி டெண்டர்கள் திறக்கப்பட்டன. அமெரிக்க முதலீட்டாளர் வில்பர் ராஸ் ஒரு ஷேருக்கு 20 ரூபாய் கேட்டிருந்தார். லார்சன் அண்ட் டூப்ரோ 45 ரூபாய் 90 காசு. டெக் மகிந்திரா 58 ரூபாய். டெக் மகிந்திராவுக்கே சத்யம் போயிற்று. வாக்குமூலம் வெளியான நாளிலிருந்து எண்ணினால் நூறு நாள்கூட ஆகவில்லை.

ஆனால் எல்லோருக்கும் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. புதிய நிர்வாகம் வந்த பின், வேலை இல்லாமல் உபரியாக இருந்த பல ஆயிரம் பேர் அடிப்படைச் சம்பளத்தோடு வீட்டில் இருக்கும்படி ஆயிற்று. வீட்டுக் கடன் வாங்கியவர்கள், தங்கைக்குக் கல்யாணம் பேசி வைத்திருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஓய்வுப் பணத்தை சத்யம் ஷேரில் போட்டிருந்த முதியவர்களுக்கு விட்ட பணம் முழுவதும் திரும்பவில்லை. திருத்திய கணக்கு 2010-ல் வெளியானபோது, 2008-09-ம் ஆண்டுக்கு மட்டும் 8,000 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் என்று தெரிந்தது. 2013 ஜூனில் டெக் மகிந்திராவோடு கம்பெனி ஒன்றாக இணைந்தபோது, 17 ஷேருக்கு 2 டெக் மகிந்திரா ஷேர் என்ற கணக்கில் கொடுத்தார்கள். "சத்யம்" என்ற பெயர் அன்றோடு மறைந்தது.

கோர்ட்டும் சட்டமும்

இருநூறுக்கு மேற்பட்ட சாட்சிகள், மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆவணங்கள். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, 2015 ஏப்ரல் 9-ந் தேதி ஹைதராபாத் தனிக் கோர்ட் ராமலிங்க ராஜு, அவருடைய சகோதரர், இரண்டு ஆடிட்டர்கள் உள்பட பத்துப் பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. தலைமைக் குற்றவாளிகளுக்கு ஏழு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். அடுத்த மாதமே தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டு ஜாமீனில் வெளிவந்தார்கள்.

சட்டமும் மாறியது. 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, ஷேர் மார்க்கெட்டில் உள்ள கம்பெனிகளின் டைரக்டர்களில் மூன்றில் ஒரு பங்கினர் சுயேச்சையானவர்களாக இருக்க வேண்டும். ஒரே ஆடிட்டர் கம்பெனி பத்து ஆண்டுக்கு மேல் தொடர்ந்து கணக்குப் பார்க்கக் கூடாது. ஏமாந்த பங்குதாரர்கள் ஒன்றுசேர்ந்து வழக்குப் போடலாம். ஆடிட்டர்களைக் கண்காணிக்க 2018-ல் தனி ஆணையமும் அமைந்தது.

ஆனால் சட்டம் வேலியைத்தான் போட முடியும். வேலிக்குள் விழித்திருக்க வேண்டியவர்கள் மனிதர்கள். சத்யத்துக்கு விருதுகளுக்குக் குறைவில்லை, பயிற்சிக்குக் குறைவில்லை, படித்த டைரக்டர்களுக்கும் குறைவில்லை. ரசீதை வாங்கிக்கொண்டு நேரே பாங்குக்குப் போய், "இந்தப் பணம் இருக்கிறதா?" என்று கேட்கும் ஒருவர்தான் இல்லை.

ஹைதராபாத்துக்கு வெளியே பகதூர்பள்ளியில் சத்யம் கட்டிய பெரிய வளாகம் வீணாகவில்லை. 2014-ல் அங்கே மகிந்திரா குழுமம் இன்ஜினீயரிங் கல்லூரி தொடங்கியது. 2020-ல் அது பல்கலைக்கழகம் ஆயிற்று. அங்கே படிப்பவர்களில் பலர், அந்தக் கடிதம் வெளியானபோது சிறு குழந்தைகள். நாளை அவர்கள் பெரிய கம்பெனிகளில் உட்காருவார்கள். சிலர் தலைவர்களாகவும் ஆவார்கள். அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லி வைப்பது பெற்றோர் கடமை. மேலதிகாரி சொன்னார் என்று கையெழுத்துப் போடாதே. எண்ணிப் பார்த்துவிட்டுப் போடு. நீ மேலதிகாரி ஆனால், உன்னைக் கேள்வி கேட்பவனைப் பகைக்காதே. புலியிலிருந்து இறங்குவதற்கு அவன்தான் ஏணி.